வண்டின் மேல் பிஸ்கட் எச்சில்

மார்ச் 4, செவ்வாய்

சலவைக்கூடத்தில் இன்று படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பாதியில் போட்டுவிட்டு இவரைத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அங்கே நடந்ததை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது.

காத்திருக்கும் அறையில் இவர் வண்டை மடியில் வைத்திருந்தார். குரல்வளையை எடுத்த பிறகு, அந்தக் கருவியைக் கழுத்தில் அழுத்தினால்தான் இவருக்குப் பேச்சு. ங்ஙென்று ரீங்கரிப்பதால் மகள் வைத்த பெயர், வண்டு. எதிரே ஒருத்தன் செல்போனில் தலையைப் புதைத்திருந்தான். அவன் பிள்ளை, ரெண்டு வயசிருக்கும், பிஸ்கட் சப்பிய கையோடு ஒவ்வொருவர் பையாகத் துழாவிக்கொண்டு வந்தது. ஓர் அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி நக்கியது. சீ! அப்பன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கண் மூடித் திறப்பதற்குள் வண்டைப் பறித்துவிட்டது. நேராக வாய்க்குள். பொத்தான் அமுங்கி ங்ஙங்ங் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் அப்பன் நிமிர்ந்தான். வாங்கிக் கொடுப்பான் என்று பார்த்தால், தன் கழுத்தில் வைத்துக்கொண்டு, "ரோபோ தாத்தா பேசுறேன்" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு.

இவர் கையை நீட்டியபடியே இருந்தார். கொடு என்று கேட்கக் குரல் வேண்டுமே? அது அவன் கையில் இருந்தது.

நான் பிடுங்கினேன். "புள்ளைய பார்த்துக்க மாட்டீங்களா?"

"குழந்தைதானேம்மா, அதுக்கு என்ன தெரியும்?"

"அதுக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

"சும்மா ஓவரா பேசாதீங்க."

நானா ஓவர்!

மார்ச் 5

வண்டைத் துடைத்துத் துடைத்துக் கை வலிக்கிறது. பொத்தான் இடுக்கில் இன்னும் பிஸ்கட் மாவு. ஊரார் அழுக்கைத் துவைத்துச் சாப்பிடுகிறவள் நான், எந்தக் கறைக்கும் முகம் சுளித்ததில்லை. பிள்ளை எச்சில் கூடப் பரவாயில்லை. அந்த அப்பன் இளித்தானே, அதுதான் போக மாட்டேன் என்கிறது.

மார்ச் 9

இவர் வெளியே வாயே திறப்பதில்லை. காய்கறிக் கடையில் விரலைக் காட்டி வாங்குகிறார். மார்க்கெட்டில் ஏலம் விட்ட மனுஷன்! இவர் "ஒரு தரம்" என்றால் அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது வீட்டுக்குள், அதுவும் கதவைச் சாத்திய பிறகுதான் வண்டை எடுக்கிறார். ஏன் என்று கேட்டேன். "சிரிக்கிறாங்க" என்றார்.

மார்ச் 13

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் போன் செய்தாள். "வெளி ஆளுங்ககிட்ட பேசாம விட்டா அப்படியே விட்டுப்போயிடும்மா." இப்படியே ஊமையாகிவிடுவாரோ? அந்தத் தடியன் மட்டும் நிம்மதியாகத் தூங்குவான்.

மார்ச் 14

இஸ்திரி போடுகிறவள் என்னையே மடக்குகிறாள்: "நீயும் புள்ள பெத்தவதானேக்கா, புள்ளைங்கன்னா அப்படித்தான்." என் மகளும்தான் கண்டதைத் தொட வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். பெற்றவர்களுக்கு அவ்வளவுதானே வேலை? அது கூட முடியாதா?

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி டாக்டர். இவர் வண்டைச் சட்டைப்பையில் ஒளித்திருந்தார், தலை மட்டும் வெளியே தெரிந்தது. அது போதாதா? ஒரு வாண்டு, பெண் குழந்தை, நேராக இவரிடம் வந்து கையை நீட்டியது. வந்துட்டியாடி! நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு எழுந்தேன்.

அதற்குள் அதன் அம்மா மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "அது தாத்தாவோடது. தொடலாமான்னு கேளு."

"தொதலாமா?"

அறையே இவரைப் பார்த்தது. இவர் என்னைப் பார்த்தார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது, சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவர் மெதுவாக வண்டை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

"கூடாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதன் அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "தாத்தா கூடாதுன்னுட்டாங்க. சரின்னு சொல்லு."

"சலி."

"நல்ல பொண்ணு" என்றார் இவர். அதன் பெயர் கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைச் சாத்துவதா வேண்டாமா என்று பக்கத்து சீட்டுக்காரரோடு இவருக்கு ஒரே வாக்குவாதம். பஸ்ஸே கேட்டது. கடைசியில் நான்தான், "போதும், கொஞ்சம் சும்மா வாங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று.