எது என் குதிரை

மார்ச் 4, செவ்வாய்

ஆட்டத்தின் புதுப் பதிப்புக்குக் குதிரைப்படையை வரைந்து முடித்தேன். நாலு வகைக் குதிரை, ஒவ்வொன்றும் ஆறு திசை பார்த்து. பழைய பதிப்பில் குதிரைப்படை என்றால் ஒரு கட்டம், உள்ளே ஒரு சாய்வுக் கோடு. காலாட்படைக்கு இரண்டு கோடு. இருநூறு வருஷத்துக்கு முந்தைய போரைக் கணினியில் இத்தனை காலம் இப்படித்தான் ஆடியிருக்கிறார்கள், பாவம்.

வீட்டில் இவர் திரையை எட்டிப் பார்த்து, "குதிரைக்கு லாடம் அடிச்சியா?" என்றார். அடித்திருக்கிறேன். பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

மார்ச் 13, வியாழன்

மேனேஜர் புது வரைபடத்தைப் பார்த்தார். ஆற்றில் வெயில் படுவதை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். "ஆட்டம் வெளிவந்ததும் படங்களைப் பத்தி நல்லா எழுதினாங்கன்னா உங்களை நிரந்தரமாக்கிடலாம்."

மூன்று வருஷமாக ஆறு மாத ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஏன் வரவில்லை?

ஏப்ரல் 3, வியாழன்

ஆடிப் பார்த்துப் பிழை சொல்லும் டெஸ்டிங் அக்கா என் மேஜைக்கே வந்துவிட்டாள். "உன் காட்டுக்குள்ள என் படை ஒண்ணு நிக்குது. மரம் மறைச்சிடுச்சு. தேடித் தேடித் தோத்துட்டேன்."

"காடுன்னா மறைக்கத்தானே செய்யும்?"

"எதிரிக்கு மறைக்கட்டும். எனக்கு ஏன் மறைக்குது?"

பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பிரிவில் எல்லாரும் ஒரு பொத்தானை அழுத்தி என் படங்களை அணைத்துவிட்டு, பழைய கட்டங்களில்தான் ஆடுகிறார்கள். அந்தப் பொத்தானை வைத்தவர் முதல் பதிப்பின் புரோகிராமர். கட்டங்களும் அவர் போட்டவையே. ஆபீசில் அவருக்குப் பெயர் கட்டம் சார்.

ஏப்ரல் 9, புதன்

மீட்டிங்கில் சொல்லிவிட்டேன். பொத்தான் இருக்கும்வரை யாரும் என் படங்களைப் பார்க்கப்போவதில்லை, அதை எடுத்துவிடுங்கள் என்று. கட்டம் சார் முகம் சிவந்துபோனது. "ரொம்ப நாளா ஆடுறவங்க சும்மா விடமாட்டாங்க" என்றார். மேனேஜர் என் பக்கம். பொத்தான் போயிற்று.

மே 2, வெள்ளி

கட்டம் சார் ஓய்வு பெற்றார். எல்லாரிடமும் கை குலுக்கினார். என் மேஜைப் பக்கம் வரவில்லை. போகட்டும்.

மே 16, வெள்ளி

வெளியாகிவிட்டது! இவர் எனக்காக ஒரு பிரதி காசு கொடுத்து வாங்கினார். ஆடவெல்லாம் தெரியாது.

மே 19, திங்கள்

"கட்டங்கள் எங்கே?" முதல் விமர்சனத்தின் முதல் வரியே அதுதான். கீழே நூற்றுக்கணக்கில் அதே கேள்வி. போருக்கு வந்தேனா பொருட்காட்சிக்கு வந்தேனா என்கிறான் ஒருவன். இன்னொருவன் மரியாதைக்காரன்: "சும்மா சொல்லக்கூடாது, குதிரை அழகு. ஆனால் எது என் குதிரை?"

மே 20, செவ்வாய்

வயிறு எரியுது. ஒரு வருஷம். கோட்டுப் பட்டன் எத்தனைன்னு பழைய ஓவியங்கள்ல எண்ணி எண்ணி வரைஞ்சேன் — யாருக்காக? கண்ணிருந்தும் பார்க்கமாட்டேன்கிற ஜென்மங்களுக்கா?

மே 26, திங்கள்

கட்டங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமாம். பழையவை இன்றைய பெரிய திரையில் மங்கித் தெரிகின்றன. புதிதாக வரைய வேண்டும். "நீங்கதான் வரையணும்" என்றார் மேனேஜர். பொத்தானை எடுக்கச் சொன்னதும் நீங்கள்தானே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மே 28, புதன்

கோட்டின் தடிமன், நிறம் எதற்கும் குறிப்பு இல்லை. வேறு வழியில்லாமல் கட்டம் சாருக்குப் போன் செய்தேன்.

"நீ கூப்பிடுவேன்னு தெரியும்" என்றார். குரலில் அப்படி ஒரு குஷி. கேட்டதையெல்லாம் சொன்னார். கடைசியில் கேட்டேன், ஏன் சார் கட்டம் என்று தோன்றியது? தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் என்றா?

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. குதிரை வரைஞ்சு பார்த்தேன், நாய் மாதிரி வந்துச்சு. அதான் கட்டம் போட்டேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். சிரிப்பும் வந்தது.

ஜூன் 5, வியாழன்

நாள் முழுக்கக் கட்டம்.

ஜூன் 20, வெள்ளி

கட்டங்களும் அந்தப் பழைய பொத்தானும் ஆடுகிறவர்களிடம் போய்ச் சேர்ந்தன. தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். "இந்த ஓவியரின் கைத்திறனே தனி." இரண்டு கோடு போட்டதற்கு! இணையத்திலிருந்து இறக்கும் அளவைக் குறைக்க என் குதிரைகளையும் வீரர்களையும் தனியாகப் பிரித்து, வேண்டியவர்கள் மட்டும் இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள்.

ஜூலை 2, புதன்

நிரந்தர ஆணை வந்தது. மேனேஜர் கை கொடுத்தார். "படங்களைப் பத்தி நல்லா எழுதிட்டாங்க, பார்த்தீங்களா?" நன்றி என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

இவருக்குத் திடீரென்று ஆசை, ஆடிப் பார்க்க வேண்டுமாம். குதிரைகளைத் தனியாக இறக்கிவைத்து உட்கார்ந்தார். அதே திரையில் எதிர்ப்பக்கம் நான். இத்தனை நாள் வரைந்திருக்கிறேனே தவிர, ஒரு போரை முழுதாக ஆடியதில்லை. ஆற்றங்கரையில் என் படை சுற்றி வளைக்கப்பட்டது. எங்கே இடைவெளி, எங்கே ஆள் குறைவு, ஒன்றும் புரியவில்லை. கை தானாகப் போய்ப் பொத்தானை அழுத்தியது. கட்டங்கள் வந்தன. வடக்கே வழி இருந்தது.

"உன் குதிரையெல்லாம் எங்க போச்சு?" என்றார் இவர். "நல்லா இருந்துச்சே."

"இருங்க," என்றேன், "இப்பதான் தெரியுது."

ஜெயித்துவிட்டேன். பிறகும் அவர் மறுபடி அழுத்திக் குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி போட எழுந்து போனேன்.