சின்னவளோடு எழுதிய பரீட்சை

ஜூன் 9, திங்கள்

காலை டூட்டி முடித்து வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். "மெல்ல வா. சின்னவ படிக்கிறா."

சாப்பாட்டு மேசை முழுக்கக் கார்த்திகாவின் புத்தகங்கள். கலர் கலராகப் பேனாக்கள். பக்கத்தில் ஒரு தம்ளர் பால், ஆடை கட்டிப்போய். துபாயில் நர்ஸ் வேலை பார்க்க அந்த ஊர் லைசென்ஸ் பரீட்சை எழுத வேண்டும். அவள் புருஷன், என் கொழுந்தன் நிலவழகன், அங்கேதான் ஏசி மெக்கானிக். போன மாதம் லீவில் வந்தவன், பாஸ் பண்ணினால் அங்கேயே அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து இந்த வீட்டில் சீரியல்கூட ஊமையாகத்தான் ஓடுகிறது.

நானும் நர்ஸ்தான். புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக. நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து பகலில் கண்ணை மூடினால் கிரைண்டர் ஓடும். யாரும் உதட்டில் விரல் வைத்ததில்லை.

மேசையில் இடமில்லை. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன்.

ஜூன் 14, சனி

கார்த்திகா ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, ஆபரேஷன் முடிஞ்ச பேஷன்டுக்குத் திடீர்னு மூச்சு வாங்குது. நீங்க மொதல்ல என்ன செய்வீங்க?"

யோசிக்காமல் சொன்னேன். "டாக்டருக்குப் போன் போடுவேன்."

"தப்பு" என்று சிரித்தாள். "மொதல்ல தலைமாட்ட ஒசத்தணும். ஆக்சிஜன் வைக்கணும். அப்புறந்தான் டாக்டர். நம்ம ஆஸ்பத்திரி வேற, பரீட்சை வேறக்கா."

கேலியாகச் சிரிக்கவில்லை. அது எனக்கே தெரியும். ஆனால் அருணா பக்கத்தில் இருந்தாள். என் மகள், ஏழாம் வகுப்பு. "அம்மாவுக்குத் தெரியலையா சித்தி?" என்று கேட்டாள்.

தலைமாட்டை உயர்த்துவதை நான் செய்யாத நாளே கிடையாது. கை தானாகச் செய்துவிடும். அதைப் போய் வாயால் சொல்லணும்னு எனக்குத் தோணலையே!

ஜூன் 15

இங்கிலீஷை அவள் சத்தமாக வாசிப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாக வாசிக்கிறாள்.

ஜூன் 26, வியாழன்

சேர்ந்துவிட்டேன். அவள் படிக்கும் அதே ஆன்லைன் கிளாஸ். அவள் சாயங்கால பேட்ச், நான் விடியற்காலை பேட்ச். திருச்சியிலிருந்து பெலிக்ஸ் சார் நடத்துகிறார்.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். ஆலங்குடி கடைத்தெருவில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். மண்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், "ஒனக்கு எதுக்கு இது? ஒனக்குத்தான் வேலை இருக்குல்ல" என்றார்.

"இருந்தா படிக்கக் கூடாதா?"

"படி, படி. யாரு வேணாங்கிறா?" என்று வண்டியை எடுத்துவிட்டார்.

எதற்கு என்று எனக்கே பதில் தெரியவில்லை. துபாய் போக ஆசையா? நான் சென்னையையே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு வருவது எனக்கும் வரும் என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூலை 3

பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கிறேன். திருவரங்குளம் தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணை எல்லா பேட்ச்சுக்கும் சேர்த்து ஒரே குரூப்பில் போட்டுவிட்டார் பெலிக்ஸ் சார். கார்த்திகா ஐந்தாவது. வெகு கீழே பிரகதாம்பாள், ஆலங்குடி. எங்கள் அம்மா வைத்த பெயரில் என்னைத் தவிர வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தாள். "அக்கா! நீங்களா? சொல்லியிருந்தா சேந்தே படிச்சிருக்கலாம்ல?"

அவள் முகம் சுளித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என் கையிலிருந்த கரண்டியை வாங்கிவைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். மருந்துக் கணக்கில் எனக்கு எங்கே தப்பு வருகிறது என்று அப்போதே காட்டிக்கொடுத்தாள். புரிந்தது. புரிந்ததுதான் எரிச்சல்.

ஜூலை 10, வியாழன்

தினமும் ஆறு மணிக்கு நிலவழகனின் வீடியோ கால். "சாப்ட்டியா? எவ்வளவு படிச்ச? கண்ணு ஏன் செவந்திருக்கு?" பக்கத்தில் உட்கார்ந்து நான் பாகற்காய் நறுக்குகிறேன். "அண்ணி, நல்லாருக்கீங்களா?" என்பான் கடைசியில்.

என் வீட்டுக்காரர் நல்லவர். குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. என் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்ததும் கிடையாது.

ஜூலை 19, சனி

காலையில் தாளிக்கிற வாசனைக்கே கார்த்திகா கொல்லைப்பக்கம் ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாள் கேட்டேன். தள்ளிப்போய்த்தான் இருந்தது. அவளே சோதித்தும் பார்த்துவிட்டாளாம்.

"அவுங்களுக்கு மட்டும் சொல்லிட்டேங்க்கா. அத்தைக்குத் தெரிஞ்சா பரீட்சைக்கு அனுப்ப மாட்டாக. எழுதி முடிச்சிட்டுச் சொல்லிக்கிறேன். ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

சரி என்றேன். வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் புத்தகமெல்லாம் பரணுக்கு ஏறிவிடும். மேசை காலியாகிவிடும்.

ஜூலை 23, புதன்

மாமியார் நேராகவே கேட்டுவிட்டார். "சின்னவ ஏன் இப்புடிச் சோந்து கெடக்கா? நீ நர்சுதானே, ஒனக்குத் தெரியாதா?"

வாய் வரைக்கும் வந்தது. பொய் சொல்வதுகூட இல்லை, கேட்டதற்குப் பதில்தானே?

"கண் முழிச்சுப் படிக்கிறா, பித்தம் அத்தை" என்றேன்.

நல்ல மனசு என்று யாராவது நினைத்தால் சிரிப்புத்தான் வரும். அவள் எழுதாமல் போனால் நான் யாரை ஜெயிப்பது? வயிற்றுப் பிள்ளையைச் சொல்லி அவள் பாதியில் நின்றுவிட்டால், எழுதியிருந்தால் முதல் ஆளாக வந்திருப்பாள் என்றுதான் இந்த வீடு காலத்துக்கும் பேசும். அவள் எழுதணும். என் பக்கத்துல உக்காந்து எழுதணும்.

ஜூலை 26, சனி

கிளாஸ் விஷயம் என்று சொல்லி அவளைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தேன். இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. மாத்திரைகளை என் பையிலேயே வைத்திருக்கிறேன். சாப்பிட்டாளா என்று நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சென்னை. எழுதியாயிற்று. திரும்புகிற ரயிலில் எழுதுகிறேன். கார்த்திகா ஜன்னலோரம் தூங்குகிறாள்.

வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர். அவள் எனக்கு ரெண்டு வரிசை முன்னால். அவளுடைய பின்னல் தெரிந்தது. முதல் பாதி நன்றாகப் போனது. அவள் தட்டுகிற வேகத்தைப் பார்த்து நானும் தட்டினேன்.

திடீரென்று கையைத் தூக்கினாள். எழுந்து வெளியே போனாள். ஒரு கை அடிவயிற்றில் இருந்தது.

திரையில் கேள்வி இருக்கிறது. வாசிக்கிறேன், மண்டையில் ஏறவில்லை. வலியா? உதிரம் பட்டிருக்குமா? மூலையில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. வந்துவிடுவாள் என்று இருந்தேன். வரவில்லை. இது என் பரீட்சை, நான் ஏன் பார்க்கணும்? அவளத்தானே நான் ஜெயிக்க வந்தேன்? கையைத் தூக்கிவிட்டேன்.

பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வாந்திதான். பேசக் கூடாது என்று கூட வந்த பரீட்சை மேற்பார்வை அம்மா சொல்லிவிட்டார். கண்ணாடியில் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். போ, போ என்று விரட்டினாள். நான் குனிந்து அவள் சேலையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கறை இல்லை. அதன் பிறகுதான் கால் நகர்ந்தது.

கடைசிக் கேள்விகளை வாசிக்காமலே தட்டினேன். போச்சு.

வெளியே வந்து, "ஏங்க்கா எந்திரிச்சு வந்தீங்க?" என்று அழுதாள். "வாய மூடிக்கிட்டு எளநியக் குடி" என்றேன். அவள் மேல் இவ்வளவு கோபம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ரிசல்ட் மெயிலில் வந்தது. கார்த்திகா பாஸ். நானும் பாஸ்.

"மார்க்கு எவ்வளவு?" என்றேன்.

"மார்க்கெல்லாம் போட மாட்டாங்கக்கா. பாஸ்னு மட்டுந்தான்."

என்னுடையதை நாலைந்து தடவை திறந்து பார்த்தேன். கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். ஒரு எண்கூட இல்லை. யார் மேல், யார் கீழ் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை வயிற்றெரிச்சலையும் நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கார்த்திகா இன்று பிள்ளை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மாமியார் சாமி மாடத்துக்கு ஓடி விளக்கேற்றினார். சக்கரைப் பொங்கல். பாஸ் ஆனதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், என்னுடையதையும் அவளுடையதையும்.

"பிள்ளை பெறந்து வளர்ற வரைக்கும் துபாய் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார் மாமியார். கார்த்திகா தலையாட்டினாள். சாப்பிட்ட பிறகு அவளே புத்தகங்களை அடுக்கி மேசையைத் துடைத்தாள். நான் ஆசைப்பட்ட அதே காலி மேசை. பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நிலவழகன் இன்று என்னைக் கூப்பிடச் சொன்னான். "அண்ணி, இங்க ஒரு ஆஸ்பத்திரில ஆள் எடுக்குறாக. ஒங்க சர்வீசுக்குக் கட்டாயம் கெடைக்கும். லைசென்ச சும்மா வச்சிருக்காதீங்க."

கூடத்தில் யாரும் பேசவில்லை. வீட்டுக்காரர், "இவ போனா அருணாவ யாரு பாக்குறது?" என்றார்.

"நான் பாத்துக்கிறேன் மாமா" என்றாள் கார்த்திகா. உடனே சொன்னாள், யோசிக்கவே இல்லை.

போகணும்னு நான் யாரிடமும் கேட்கவில்லையே. ஆனால் வேண்டாம் என்றும் வாய் வரவில்லை. என் பெயரைச் சொல்லி இந்தக் கூடம் அமைதியானது இன்றைக்குத்தான்.

அக்டோபர் 9

இன்டர்வியூவுக்குக் கார்த்திகாதான் சொல்லித்தருகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர் மாதிரி உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்கிறாள். நான் தடுமாறினால் எடுத்துக்கொடுக்கிறாள். இன்று ஒரு பதிலை நான் தடங்கலில்லாமல் சொன்னதும், கையிலிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டு, "நல்லா சொன்னீங்கக்கா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிசம்பர் 3, புதன்

விசா வந்துவிட்டது. வீட்டுக்காரர் மண்டிக்குப் போகவில்லை. நான் துணி மடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணெல்லாம் செவந்து கெடக்கே" என்றார். இத்தனை வருஷம் கழித்து, பெட்டி கட்டும்போது!

மார்ச் 15, ஞாயிறு. துபாய்

விடுமுறை. அறையில் கூட இருக்கும் பெண்கள் கடைக்குப் போய்விட்டார்கள். மதியம் வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன்.

கார்த்திகா எடுத்தாள். குழந்தைக்கு ஒரு மாதம் முடிந்துவிட்டது, பெண் குழந்தை. தொட்டிலில் தூங்குகிறதாம். இங்கே வார்டு எப்படி, எத்தனை பேஷன்ட், எந்த மெஷின் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நேற்று ஒருவருக்கு மூச்சு நின்று நாங்கள் மீட்டதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்குப் பொறாமையா இருக்குக்கா" என்றாள். சிரித்துக்கொண்டே, வெளிப்படையாக. அது அவளால் முடிகிறது.

அருணா எங்கே என்று கேட்டேன்.

"இங்கதான் என் மடியில. மதியம் சாப்ட்டதும் இப்புடித்தான் வந்து படுத்துக்கிறா. தூங்கிட்டா. எழுப்பவா?"

"வேணாம். எழுப்பாத."

அவள் வேறு என்னவோ பேசிக்கொண்டு போனாள். நான் கேட்கவில்லை. "போனக் கொஞ்சம் கீழ எறக்கு, பிள்ள மொகம் தெரியல" என்றேன்.

இறக்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது அருணாவுக்கு. கார்த்திகாவின் கை அவள் தலைமுடிக்குள் போய் வந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளும் போனை வைக்கவில்லை.