ஓடும் மெஷினுக்கு ஒரு வரி

என் ஆருயிர் ரஹீம் மாப்ளைக்கு,

சேதி ஒன்று இருக்கிறது, கை பரபரக்கிறது. நீ இருந்திருந்தால் இந்நேரம் வண்டியைக் கிளப்பி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, பாலக்கரையில் உன் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்திருப்பேன். "ஏன்டா, தெருவையே எழுப்புறே?" என்று லுங்கியோடு வந்து திட்டியிருப்பாய். இப்போது எங்கே போய் ஹாரன் அடிப்பது? அதனால்தான் எழுதுகிறேன். முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் குறுக்கிடாதே. குறுக்கிட்டால் எனக்குச் சந்தோஷம்தான், அது வேறு விஷயம்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருடம் ஒரே செக்‌ஷனில் இருந்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வருவேன், பாலக்கரையில் நீ பின்னால் ஏறிக்கொள்வாய். அங்கிருந்து பொன்மலை கேட் வரைக்கும் நான் யாரையாவது திட்டிக்கொண்டே வண்டி ஓட்டுவேன். நீ 'ம்' கொட்டிக்கொண்டே வருவாய். எப்படித்தான் பொறுத்தாயோ!

விஜயா சொன்னதையும் உன்னிடம்தானே முதலில் சொன்னேன். "நீங்க ரிட்டயர் ஆனதும் நான் பெங்களூர்ல பொண்ணு வீட்டோட போயிடுறேங்க. நீங்க வேலைக்குப் போற அந்த எட்டு மணி நேரந்தான் நான் இந்த வீட்ல நிம்மதியா மூச்சு விடுறேன்." சண்டையில் சொல்லவில்லை, மாப்ள. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

டீக்கடையில் நான் இதைச் சொன்னதும் நீ சிரிக்கவில்லை. முதல் தடவை நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வந்திருந்த சமயம் அது.

"சாயங்காலம் வீட்டுக்குப் போயி ஒரு பக்கம் எழுது. அன்னைக்கு நல்லபடியா நடந்தது என்னன்னு மட்டும் எழுது. நான் எழுதுறேன்டா, பொழைச்சு வந்ததுலேருந்து."

"நான் என்ன ஸ்கூல் புள்ளையா?"

"ஸ்கூல் புள்ளைங்க இம்புட்டு கத்தாதுங்க," என்றாய்.

நான் எழுதவில்லை. இரண்டாவது தடவை வலி வந்தபோது நீ திரும்பவில்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள் ஒரு நீள நோட்டு வாங்கினேன். உன் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்ற வருத்தமா, உன் மேல் கோபமா, எனக்கே தெரியவில்லை.

நோட்டு வாங்கினேனே தவிர, எழுதத் தெரிந்தது ஒரே விதம்தான். நம் ஷிப்ட் புக்! ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, பழுது, எடுத்த நடவடிக்கை, கையெழுத்து. சாயங்காலம் உட்கார்ந்து நிரப்பினேன். 'ரசத்தில் புளி தூக்கல்.' 'மோட்டாரை நிறுத்த மறந்தாள், டேங்க் வழிந்தது.' 'தங்கையோடு போனில் நாற்பது நிமிடம்.' 'சிரிப்பதே இல்லை.' ஒரு மாதம் விடாமல் எழுதிவிட்டு, ரஹீம் பார்த்தால் மெச்சிக்கொள்வான் என்று வேறு நினைத்துக்கொண்டேன். என் மண்டையில் நீ குட்டியிருப்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு வந்து நோட்டைத் திறக்கிறேன், நான் காலியாக விட்டிருந்த 'எடுத்த நடவடிக்கை' கட்டம் முழுக்க விஜயாவின் கையெழுத்து. ரசத்துக்கு எதிரே, 'சரி செய்யப்பட்டது.' போனுக்கு எதிரே, 'தங்கைக்கு ஆபரேஷன். உங்களுக்கு இரண்டு முறை தகவல் தரப்பட்டது.' மோட்டாருக்கு எதிரே, 'நிறுத்த மறந்தது புகார் கொடுத்தவரே.' உண்மைதான், அன்று நான்தான் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். சிரிப்பதே இல்லை என்பதற்கு எதிரே, 'உதிரி பாகம் கிடைக்கவில்லை.'

எனக்கு முதலில் சுர்ரென்று ஏறியது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை.

"இப்படியெல்லாம் எழுத எங்க கத்துக்கிட்டே?" என்றேன்.

"முப்பது வருஷமா சாப்பாட்டு நேரத்துல உங்க ஷிப்ட் புக்கத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

அப்போதுதான் உறைத்தது, மாப்ள. இத்தனை வருடத்தில் ஒழுங்காக ஓடிய மெஷினைப் பற்றி நாம் ஒரு வரி எழுதியிருக்கிறோமா? ஓடினால் பேச்சே கிடையாது, நின்றால்தான் பேனாவை எடுப்போம். ஒர்க்‌ஷாப்புக்கு அது சரி. நான் வீட்டையும் அப்படியே நடத்தியிருக்கிறேன்.

அன்றே புதுப் பக்கம். கோடு கிடையாது, ஓடியதை மட்டும் எழுதுவது என்று முடிவு. அரை மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு 'குழாயில் தண்ணீர் வந்தது' என்று எழுதினேன். சிரிக்காதே! மறுநாள் 'காபி சூடாக இருந்தது'. காபியைக் கொண்டுவந்து வைத்தவள் நோட்டுக்குள் வர ஒரு வாரம் ஆனது. வந்த பிறகு நிற்கவே இல்லை. மழை பெய்த மறுநாள் என் ஹெல்மெட்டின் உள்பக்கம் காய்ந்திருப்பதைப் பார்த்தேன். அவள்தான் பழைய துண்டால் ஒற்றி வைத்திருந்தாள்.

"இத எப்பலேருந்து செய்யுறே?"

"நீங்க ஹெல்மெட் போட ஆரம்பிச்சதுலேருந்து."

ஒரு பக்கம் போதவில்லை எனக்கு. இரண்டு பக்கம் எழுதினேன்!

உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. வைகுண்ட ஏகாதசிக்கு வீடு நிறைய சொந்தக்காரர்கள். தெருவெல்லாம் அடைத்துவிட்டார்கள், வண்டியைத் திருவானைக்காவலிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தால், என் கட்டிலில் சித்தப்பா குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். கத்தினேன். சித்தப்பாவை இல்லை, விஜயாவை. ஏழு பேர் முன்னால். அவள் எனக்குப் பாய் விரித்தாள். அன்று சாயங்காலம் நோட்டில், 'கத்தினேன். அவள் பாய் விரித்தாள்' என்று எழுதினேன். வெறுமனே எழுதி மூடிவைக்க மனசு ஒப்பவில்லை.

மறுநாள் துவாதசிச் சாப்பாடு. அதே ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "விஜயா, நேத்து நான் கத்துனது தப்பு. மன்னிச்சுக்க," என்றேன். சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அகத்திக்கீரை பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி வைத்தாள். எனக்கு அகத்திக்கீரை பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாய் விடாமல் சாப்பிட்டேன்.

இனிதான் சேதி! இந்த மாதக் கடைசியில் எனக்கு ரிட்டயர்மென்ட். ஒரு வாரமாக அவள் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பெட்டியை எடுக்கிறாளோ என்று காது அங்கேயே இருந்தது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இன்று காலை காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ரிட்டயர் ஆனா காலைல என்ன செய்வீங்க?"

"தெரியல."

"எனக்கு தெனம் அம்மா மண்டபம் வரைக்கும் நடந்து போயி ஆத்தப் பாக்கணும்னு ஆசை. தனியா போக ஒரு மாதிரி இருக்கு. கூட வரீங்களா?"

"அப்ப பெங்களூர்?"

"பொண்ணப் பாக்கத்தானே? ரெண்டு பேருமா போயிட்டு வந்துடலாங்க."

தலையை ஆட்டினேன். "காபி ஆறுது," என்றாள். அவள் சிரித்தாள், மாப்ள! நானும் சிரித்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் பார்க்காத மாதிரி எழுந்து போனாள்.

இதைச் சொல்லத்தான் உன்னைத் தேடினேன். விஜயாவிடம் நேரில் சொல்ல எனக்கு நேரம் கிடைத்தது. உன்னிடம்? இருபத்தாறு வருடம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து என் ஏச்சையெல்லாம் கேட்டவன் நீ. ஒரு நாளாவது வண்டியை ஓரம் கட்டி, திரும்பி உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேனா? நோட்டில் உனக்கும் நன்றி சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், அதில் ஒன்றும் உன் காதில் விழுந்ததில்லை.

ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எழுதுவதை நிறுத்தமாட்டேன். ஆனால் இனி எவருக்கு நன்றி எழுதினாலும், அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் அவர்களைத் தேடிப் போய் வாயால் சொல்லிவிடுவேன். இன்று உன் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். உன் வீட்டுக்காரி நூர்ஜஹான் தங்கச்சி வாசலில் நின்றால், நீ என் குடும்பத்தைக் காப்பாற்றினாய் என்று சொல்வேன். விஜயாவும் கூட வருகிறாள். பின் சீட்டில், உன் இடத்தில்.

நன்றிடா.

உன் மாப்ள,
சுந்தரம்