பாக்கெட்டில் பொறை

மார்ச் 12, 1973

மூன்று முறை சோப்புப் போட்டாயிற்று. நாய் நாற்றம் கையை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஃபயர் ஸ்டேஷன் ஹோஸ் குழாய் எல்லாம் ஓட்டை என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேனே, அதற்குத்தான் இந்தப் பரிசு. இடிந்த கட்டடத்தில் மாட்டிக்கொண்டவர்களை வெளிநாட்டில் நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிறதாம். எங்கள் ஆபீசர் சுயம்புலிங்கம் பேப்பரில் படித்துவிட்டார். நம் ஸ்டேஷனுக்கும் ஒன்று வேண்டுமாம். போலீஸ் நாய் கேட்டால் கிடைக்காது. அதனால் வேப்பேரியில் தெரு நாய்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் போய் நானே ஒன்றைப் பொறுக்கி வந்து பழக்க வேண்டும். பதினாலு வருஷ சர்வீஸ். கடைசியில் நாய் மேய்க்க.

பொறுக்கியது செவலை. ஒரு காது பாதி இல்லை, முதுகெல்லாம் சொறி. வரும் வழியில் என் மடியிலேயே வாந்தி எடுத்தது. பெண்டாட்டி பாஞ்சாலி வீட்டுக்குள் விடவில்லை. நாயை இல்லை, என்னை.

மார்ச் 15

ரெஜிஸ்டரில் அதன் பெயர் வீரன். நான் கூப்பிடுவது சனியன்.

ஏப்ரல் 9

ஸ்டேஷனுக்குப் பின்னால் உடைந்த செங்கல்லும் தகரமும் குவித்திருக்கிறோம். அடியில் ஒரு ஆள் படுத்துக்கொள்ள வேண்டும். படுக்கிற வேலை என்றதும் வெள்ளைத்துரை முதல் ஆளாக வந்தான். ஸ்டேஷனிலேயே அவனை மிஞ்சிய சோம்பேறி கிடையாது. நாய் கண்டுபிடித்துக் குலைத்தால் பாக்கெட்டிலிருந்து ஒரு பொறை பிஸ்கட் எடுத்துப் போடுவான்.

பொறை வாங்குவது இரண்டு தெரு தள்ளி ஜைதூன் பீயின் டீக்கடையில். பழைய மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே கடை. அவள் நாயை 'ராஜா' என்று தடவுகிறாள். தொடாதே, சொறி ஒட்டிக்கொள்ளும் என்றேன்.

"சொறி உன் வாயில கீது நைனா" என்றாள்.

டீ நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 20

ஒளித்த பத்து முறையும் கண்டுபிடித்தது. பத்துக்குப் பத்து. பெரிய அதிகாரிகள் வந்து பார்த்துக் கை தட்டினார்கள். முதல் முறையாகச் சனியனின் தலையில் தட்டிக் கொடுத்தேன். உடனே கை கழுவினேன்.

ஆகஸ்ட் 3

தூ!

வெள்ளைத்துரை சட்டையைக் கழற்றித் தகரத்துக்கு அடியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். எனக்குத் தெரியாது. நாயை அவிழ்த்து விட்டேன். நேராக ஓடி, தகரத்தைப் பிறாண்டி, அப்படிக் குலைத்தது. தூக்கிப் பார்த்தால் ஆள் இல்லை. சட்டைதான். பாக்கெட்டில் பொறை.

ஐந்து மாதமாக அது மனுஷனைத் தேடவே இல்லையா? எல்லாம் பொறைதானா? இதற்கா அவ்வளவு கைதட்டல்? ஆபீசரிடம் சொல்லலாம் என்றேன். வெள்ளைத்துரை, "அத்த வுடு மச்சி, யாருக்குத் தெரியப் போவுது" என்றான். விட்டுவிட்டேன். அவனும் நானும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்.

செப்டம்பர் 30

ஒளிபவன் பாக்கெட்டில் இப்போது பொறை வைப்பதில்லை. சில நாள் கண்டுபிடிக்கிறது. சில நாள் சும்மா உட்கார்ந்து சொறிந்துகொள்கிறது. எதை நம்புவது?

நவம்பர் 17

நான்கு நாள் மழை. காலை ஆறு மணிக்கு ஜைதூன் பீ கடை இருந்த கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மாடியிலிருந்து ஏழு பேரை எடுத்தோம். இரண்டு பேருக்கு உயிர் இல்லை.

ஒன்பது மணிக்கு நாயை விட்டேன். நேரே டீக்கடை இருந்த மூலைக்குப் போய்க் குலைத்தது. அங்கே உடைந்த பாட்டிலும், மழையில் ஊறிய பொறையும் சிதறிக் கிடந்தன. தெருவே சிரித்தது. மானம் போயிற்று. ஜைதூன் பீ நேற்றே சாந்தோமில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். "யாரும் இல்ல சார், பொறைக்குக் குலைக்குது" என்று ஆபீசரிடம் கத்தினேன். வாராலே முதுகில் இரண்டு போட்டுப் பின்பக்கம் இழுத்துப் போனேன். அது திரும்பித் திரும்பி அந்த மூலைக்கே இழுத்தது.

நவம்பர் 18

அந்த மூலையில்தான் இருந்தாள். இடிபாட்டை அள்ளும்போது கண்டு, காலை பத்து மணிக்கு எடுத்தோம். கடை திறக்க விடியற்காலையிலேயே திரும்பி வந்திருக்கிறாள். உயிர் இருக்கிறது.



நவம்பர் 24

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். முதல் நாளே கொண்டு வந்திருந்தால் கால் தப்பியிருக்குமாம். நர்ஸ் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜைதூன் பீ என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"உன் குரல் கேட்டுச்சு நைனா. யாரும் இல்ல சார்னே. நான் கத்திக்கினுதான் கீறேன். உனுக்குக் கேக்கல. ராஜாவுக்குக் கேட்டுச்சு."

திட்டியிருந்தால் தேவலை. அது சாப்பிட்டதா என்று கேட்டாள்.

சீ. சொறி நாய், சொறி நாய்னு எட்டு மாசமா கை கழுவிக்கினு இருந்தேனே. எதைக் கழுவினேன்?

டிசம்பர் 1

நாய் குலைத்த இடத்தை உடனே தோண்டிப் பெண்ணைக் காப்பாற்றியதாக ரிப்போர்ட் தயார். எனக்கு மெடலுக்கு எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடு என்றார் சுயம்புலிங்கம். போடவில்லை. நடந்ததை நானே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பாக்கெட் பொறை உட்பட.

"கோதண்டபாணி, உனக்குக் கிறுக்கு" என்றார்.

டிசம்பர் 19

இன்க்ரிமென்ட் கட். நாயை வெள்ளைத்துரையிடம் ஒப்படைக்க உத்தரவு. ஒளிகிற வேலை எனக்கு.

ஜனவரி 28, 1974

காலை ஏழு மணிக்குத் தகரத்துக்கு அடியில் படுத்தேன். பாக்கெட்டில் ஒன்றும் இல்லை. நகரக்கூட இடம் இல்லை. இப்படித்தான் இருபத்தெட்டு மணி நேரம் கிடந்திருக்கிறாள்.

வெள்ளைத்துரையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்: அது குலைத்ததும் என்னை மாதிரியே திட்டு, வாரைப் பிடித்து இழுத்துப் போ; யார் நம்பாவிட்டாலும் விடாமல் இருக்க அது பழக வேண்டும்.

குலைத்தது. "யாரும் இல்ல, வா" என்று இழுத்தான். திரும்பி ஓடி வந்து குலைத்தது. மறுபடி இழுத்தான். மறுபடி வந்தது. மூன்றாம் முறை அவன் சட்டைக் கையைக் கிழித்துவிட்டு வந்து, தகரத்தின் மேலேயே படுத்துக்கொண்டு குலைத்தது.

சட்டையைப் பாஞ்சாலி தைத்துத் தருவாள் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு இன்னும் பலமாக இழுக்கச் சொல்ல வேண்டும்.