முதுகு வகுப்பு

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

மகளிடம் சொல்லிவிடாதே. இன்று டிப்போவில் என்னை இரண்டு பேர் மூட்டை மாதிரி தூக்கி நிறுத்தினார்கள். ஓட்டுநர்கள் முதுகைக் காப்பது எப்படி என்று வகுப்பு. உட்காரவைத்ததோ வெறும் தரையில்! முடிந்ததும் என்னால் எழ முடியவில்லை. மேனேஜர் சிரித்தார். வந்ததே எனக்குக் கோபம்!

"எங்க முதுகை அப்புறம் நிமிர்த்தலாம், முதல்ல என் பஸ் சீட்டை நிமிர்த்துங்க சார்! ஸ்பிரிங் செத்து வருஷமாச்சு. ஒவ்வொரு பள்ளத்துலயும் என் இடுப்பு தனியா இறங்கி ஏறுது!"

"அண்ணே, விடுங்கண்ணே," என்று என் பஸ் நடத்துநர் என் கையைப் பிடித்தார். விடுவேனா? வேலை போனாலும் சரி, புது சீட் போடாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ வாங்கித் தந்த முதுகு மெத்தை எங்கே என்று கேட்பாய். அது நடத்துநர் சீட்டில் இருக்கிறது. நான் வைத்துக்கொண்டால் கிழவன் என்று சிரிப்பார்களே!

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்