முதுகுக்குப் பூசிய மஞ்சள் சாயம்

என் அன்பு செல்வண்ணே,

உங்கள் தங்கச் சுரங்க ஊர் நம் ஜார்ஜ் டவுனுக்கே வந்துவிட்டது அண்ணே, லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே அந்த ஊரைப் பற்றிப் பெரிய கண்காட்சி!

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் நல்ல செய்தி என்று துள்ளிக்கொண்டு ஓடினேன். பாயான் லெப்பாஸில் நீங்கள் ஓட்டும் ஃபேக்டரி பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஷிப்ட் முடியும்வரை போனில் நீங்கள் போட்ட லைவ் வீடியோ ஒன்றைக்கூட நான் விட்டதில்லையே. பகாங் மலையில் தங்கம் கிடைத்ததும் காடு எப்படி ஊரானது என்று உங்களைப்போல யார் சொல்வார்கள்? துரைமார் வீடுகள் மேட்டில். சுரங்கத்துச் சேற்றுத் தண்ணீர் ஓடிய பள்ளத்தில் நம் ஆட்கள். சம்பள நாளில் அவர்கள் வெளியே வரும் சுரங்க வாசலைப் பார்த்தபடிதான் கடைகள் எல்லாம். பிறகு சுரங்கத்தை மூடினார்கள், பெரிய சாலை கடைகளுக்குப் பின்னால் வந்தது. அதனால்தான் அந்த ஊர் இன்றும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

கண்காட்சியில் என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அந்த முதுகைத்தான்! மஞ்சள் சாயம் அடித்து, பூந்தொட்டி வைத்து, 'தங்கம் தந்த அழகிய முகப்பு' என்று சுவர் நிறையப் படம். பக்கத்திலேயே அந்த ஊருக்கு வரப்போகும் புதுத் திட்டத்தின் வரைபடம். சுரங்க வாசல் பக்கம் முழுவதும் கார் நிறுத்துமிடம். உங்கள் அக்காவின் தோசைக் கடை அங்கேதானே இருக்கிறது!

விளக்கம் சொல்ல நின்றவரிடம் கேட்டேன். "அண்ணே, இது கடைக்குப் பின்பக்கம்லா. முன்பக்கம் எங்க?"

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லம்மா. காலி இடம்தான்."

"காலி இடத்துல காலையில யாருண்ணே தோசை சுடுறது? பேயா?"

அவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "முதுகுக்குப் பவுடர் போட்டுட்டு மூஞ்ச இடிக்கப் போறானுங்களா? கடைய காலி பண்ணச் சொல்லி ஆள் வந்துட்டுப் போயிட்டான் தங்கச்சி. எந்தம்பி இருந்தா கிழிச்சிருப்பான்" என்றார். அப்புறம் அடுப்பைப் பார்க்கணும் என்று சட்டென்று போனை வைத்துவிட்டார். அழுதாரா அண்ணே? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தங்கத்தைத் தோண்டியவர்கள் வாழ்ந்த பக்கம் எப்படிக் காலி இடமாகும்? யாரைக் கேட்டு அப்படிச் சொல்கிறார்கள்?

அக்காவைத் தனியாக நிற்க விடமாட்டேன் அண்ணே, சத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பஸ் ஏறி வருகிறார். கண்காட்சி வாசலில் நாங்கள் நிற்போம். இந்தக் கடிதத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் இணையத்தில் போடுகிறேன். இதைப் படிக்கிறவர்களே, நீங்களும் வாங்க. அந்தச் சுரங்க வாசல் பக்கம் நின்று எடுத்த கல்யாணப் படமோ, கடைத் திறப்புப் படமோ வீட்டில் இருந்தால் கையோடு கொண்டு வாங்க. வர முடியாதவர்கள் கமெண்டில் போடுங்க, எல்லாருக்கும் அனுப்புங்க. அங்கே முகம் இருக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
பாகான் டாலாம் தேவி