சாத்தச் சொன்ன தந்தி

காரைக்கால்
25 நவம்பர் 1935

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

சேசு மரி சூசை உன்னையும் குழந்தைகளையும் காப்பாற்றிவிட்டார்கள் என்று தம்பி தனிஸ்லாஸ் கடிதத்தில் படித்ததும் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். அடுத்த பக்கத்தைப் படித்ததும் எழுந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை இங்கே துறைமுகத்தில் புயல் கொடி ஏற்றியவுடன், சர்க்கார் கச்சேரி வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தந்தி ஆபீசுக்கு ஓடியவன் நான். தம்பி எல்லாவற்றையும் பத்திரம் செய்துவிட்டு, தன் வீட்டைப் பார்க்க அரியாங்குப்பம் போயிருக்கிறான். நாலாம் நாள் ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு திரும்பி வந்து பார்த்தால் உக்கிராண அறைக் கதவு பெயர்ந்து கிடக்கிறதாம். மாடிக் கதவு பிளந்து கிடக்கிறதாம். இரண்டு மூட்டை அரிசியில் ஒன்றைக் காணோம். குருசுக்குப்பத்துச் சனங்கள் நம் கூடத்தில் வலை உலர்த்திக்கொண்டிருக்க, நீ நடுவில் நின்று கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாயாம்.

மூன்று வருஷத்துக்கு முந்தின மழையிலும் இதே கூத்துதான். வீட்டுக்கென்று சேர்த்து வைத்ததை ஊருக்கு அள்ளிக் கொடுத்தாய். அதனால்தான் நான் மாற்றலாகி இங்கே வரும்போது சாவிக்கொத்தைத் தம்பியிடம் கொடுத்தேன். உன்மேல் பிரியம் இல்லாமல் அல்ல, உன் கை தாராளம் என்பதால்.

காத்தவராயன் என்பவன் நங்கூரத்தால் கதவுகளை உடைத்து அரிசியைத் திருடியதாகத் தம்பி பொலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறான். சனிக்கிழமையே பிடித்துவிட்டார்களாம். செய்தது சரிதான். நீ இதில் தலையிட வேண்டாம்.

ஸ்டெல்லாமேரிக்கும் சின்னவளுக்கும் என் முத்தங்கள்.

உன் பிரியமுள்ள புருஷன்,
அருளானந்தம்

புதுச்சேரி
27 நவம்பர் 1935

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு,

அமலோற்பவம் எழுதிக்கொள்வது. குழந்தைகள் சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம் மட்டும்தான், அது இந்தத் தாளில் அடங்குமா என்று தெரியவில்லை.

உங்கள் தந்தி அன்று காலை பத்து மணிக்கு வந்தது. உறைமேல் என் பெயர் இல்லை, உங்கள் தம்பி பெயர். புயலில் வீட்டுக்குள் இருக்கப் போகிறவள் நான். வீட்டைப் பற்றின தந்தியோ, தினம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு. தந்தியில் தமிழ் போகாது என்று பிரஞ்சில் இரண்டே வார்த்தை அடித்திருந்தீர்கள்: ஃபெர்மே தூ. உங்கள் தம்பி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அண்ணன் எல்லாத்தயும் பூட்டச் சொல்லிட்டாரு அண்ணி” என்றார்.

ஃபெர்மே என்ற வார்த்தைக்குச் சாத்து என்றும் பொருள், பூட்டு என்றும் பொருள். புயல் வரும்போது ஒரு மனுஷன் ஜன்னலைச் சாத்தச் சொல்வானா, அரிசியைப் பூட்டச் சொல்வானா என்று கேட்டேன். மடத்துப் பள்ளியில் கன்னியரிடம் ஆறு வருஷம் குட்டு வாங்கிப் படித்த பிரஞ்சு என்னுடையது. அவர் நாலாம் வகுப்போடு நின்றவர். “எனக்குத்தான வந்திருக்கு” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

உக்கிராண அறையைப் பூட்டினார். அரிசி, கிருஷ்ணாயில், தீப்பெட்டி, தாம்புக்கயிறு எல்லாம் அதற்குள். மாடிப்படிக் கதவையும் பூட்டினார், மாடியில் உங்கள் அலமாரி இருக்கிறதாம். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.

மத்தியானம் காற்று திரும்பியது. கடல் பக்கத்து ஜன்னல்களின் கொக்கி துருப்பிடித்திருப்பதைப் போன தவக்காலத்திலேயே உங்களுக்கு எழுதினேன், நினைவிருக்காது. கட்டிவைக்கக் கயிறு இல்லை. என் புடவைகளைக் கிழித்துக் கட்டினேன். கலியாணப் புடவையும் அதில் ஒன்று. நாலு மணிக்குத் தெருவில் வந்த தண்ணீர் கூடத்துக்குள் ஏறியது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். மேலே ஏறலாம் என்றால் கதவில் உங்கள் பூட்டு. ஸ்டெல்லாமேரியைச் சாப்பாட்டு மேசைமேல் நிற்கவைத்து, சின்னவளை அவள் கையில் கொடுத்துவிட்டு, அரிவாள்மனையால் அந்தப் பூட்டை அடித்தேன். அரிவாள்மனைதான் உடைந்தது.

அப்போதுதான் செல்வாம்பாளும் அவள் புருஷன் காத்தவராயனும் வந்தார்கள். நம் வாசலில் மீன் கொடுக்கிற செல்வாம்பாள்தான். குப்பத்தில் குடிசைகள் போய்விட்டன, ஒதுங்க இடம் கேட்டு வந்தவர்கள். குழந்தைகள் மேசைமேல் நிற்பதைப் பார்த்ததும் காத்தவராயன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி ஓடிப்போய் நங்கூரத்தோடு வந்தார். “தள்ளி நில்லு தங்கச்சி” என்றார். நாலே அடி. மாடிக்கு ஏறினோம்.

உக்கிராண அறையை உடைக்கச் சொன்னது நான். கீழ்வரிசை மூட்டை நனைந்துவிட்டது. மேல்மூட்டையை அவரும் இன்னும் இரண்டு பேருமாக மாடிக்குத் தூக்கினார்கள். அவர்கள் தூக்கியிராவிட்டால் இரண்டு மூட்டையும் புளித்துப்போயிருக்கும், உங்கள் தம்பிக்குக் குறை சொல்ல அரிசியே இருந்திருக்காது. பதினாலு பேர் மூன்று நாள் கஞ்சி குடித்தோம். நம் குழந்தைகளும் அந்தப் பதினாலில் உண்டு.

காத்தவராயன் ஐந்து நாளாக அடைபட்டுக் கிடக்கிறார். வீடு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் ஒரு வரி எழுதினால் விட்டுவிடுவார்கள். பதில் தபாலிலேயே அனுப்புங்கள். உறைமேல் இந்தத் தடவை என் பெயரை எழுதுங்கள்.

அமலோற்பவம்

காரைக்கால்
30 நவம்பர் 1935

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குழந்தைகள் மேசைமேல் நின்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். நான் சொன்னது சாத்து என்றுதான். கடவுள் சாட்சி. தம்பி தப்பாக எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. இதற்குப் போய் என்மேலும் அவன்மேலும் இத்தனை கோபமா?

நீ கேட்கிற கடிதத்தைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். புகார் கொடுத்தவன் என் தம்பி. அது பொய் என்று நானே எழுதினால் பொலீஸ் அதிகாரி கொமிசேர் முன்னால் அவன் கதி என்ன? அரியாங்குப்பத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற சமயம் வேறு. நீ ஒன்று செய். கதவை உடைத்தது உனக்குத் தெரியாமல் நடந்தது, பயத்தில் மாடியில் இருந்துவிட்டேன் என்று யார் கேட்டாலும் சொல். நான் கிறிஸ்து பிறந்தநாள் திருவிழாவுக்கு வரும்போது பெரிய மனுஷர்களை வைத்து அந்தக் காத்தவராயனை வெளியே எடுத்துவிடுகிறேன். மூன்று வாரம்தானே. குப்பத்து ஆளுக்கு அது ஒன்றும் பெரிதல்ல.

கலியாணப் புடவை போனதற்கு வருத்தப்படாதே. காரைக்காலில் நல்ல பட்டு வந்திருக்கிறது.

உன்,
அருளானந்தம்

புதுச்சேரி
5 டிசம்பர் 1935

என் வீட்டுக்காரருக்கு,

பட்டு வேண்டாம்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்து முடித்ததும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பொலீஸ் கச்சேரிக்குப் போனேன். உங்கள் தம்பி வழியிலேயே பார்த்துவிட்டார். “குடும்பத்துப் பொம்பள அங்க போலாமா அண்ணி, அண்ணன் மானம் என்னாவறது?” என்று கூடவே நடந்து வந்தார். நான் நடையை நிறுத்தவில்லை. நல்ல வெயில், சின்னவள் இடுப்பில் கனத்தாள், எனக்கு அது எதுவும் தெரியவில்லை.

கொமிசேர் முன்னால் பிரஞ்சிலேயே சொன்னேன். கதவுகளை உடைக்கச் சொன்னவள் நான். வீட்டுக்குள் குழந்தைகளோடு இருந்தவள் நான். திருட்டு என்றால் முதல் திருடி நான்தான், என்னைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தந்தியையும் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, பூட்டிவிட்டுப் போனவர் யார் என்று கேட்டார். உங்கள் தம்பி வாசலிலேயே நின்றுவிட்டார். நான் சொன்னதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். புருஷன் ஒப்புதல் எங்கே என்று குமாஸ்தா கேட்டார். ஒப்புதல் கேட்டு எழுதினேன், புடவை தருகிறேன் என்று பதில் வந்தது என்றேன். கொமிசேர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. மறுநாள் காத்தவராயனை விட்டார்கள். பதினோரு நாள் ஆகியிருந்தது.

பெரிதல்ல என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கும் நேற்றுத்தான் செல்வாம்பாள் சொன்னாள். அன்று மற்றவர்கள் எல்லாம் கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காத்தவராயன் தன் மரத்திலிருந்து நங்கூரத்தை அவிழ்த்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார். உங்கள் பூட்டை உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது கட்டுமரத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த மனுஷனைத்தான் திருடன் என்று அடைத்துவைத்தீர்கள்.

உங்கள் தம்பிமேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவருக்குப் பிரஞ்சு தெரியாது, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியும். அவர் எதைப் பூட்டுவார் என்பதும் தெரிந்தே சாவியைக் கொடுத்தீர்கள். தப்பு அந்த வார்த்தையில் இல்லை.

திருவிழாவுக்கு வாருங்கள். ஆனால் ரெயிலை விட்டு இறங்கினதும் நேரே குருசுக்குப்பம் போங்கள். காத்தவராயனிடம், “என் பிள்ளைகளைக் காப்பாற்றினீர்கள், நான் உங்களைத் திருடன் என்று சொன்னேன்” என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பெரிய மனுஷர்கள் யாரும் கூட வர வேண்டாம். அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். செய்யாமல் வர வேண்டாம்.

அமலோற்பவம்

காரைக்கால்
24 டிசம்பர் 1935

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

திருவிழாவுக்கு முந்தின நாள் இதை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். நேற்றுப் பகல் புதுச்சேரிக்கு வந்தேன். நீ சொன்னபடியே நேரே குருசுக்குப்பம் போனேன். தட்டி கட்டிக்கொண்டிருந்த செல்வாம்பாள் என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. “அவரு கூலிக்கு வேற மரத்துல போயிருக்காரு. கரைக்கு வர சாயங்காலம் ஆவும். சொல்ல வந்தத அவருகிட்டயே சொல்லுங்க” என்றாள்.

நின்றேன். கோட்டும் காலணியுமாக மணலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். வலை பின்னுகிறவர்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தர்கூட உட்காரச் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை, அமலோற்பவம். மூன்று மணிக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன். சொல்லாமல் வீட்டுக்கு வரவும் உன் வார்த்தை விடவில்லை. குழந்தைகளுக்கு வாங்கிவந்த பொம்மைகள் பெட்டியிலேயே இருக்கின்றன.

நான் வந்ததையாவது நீ கணக்கில் எடுத்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

அருளானந்தம்

புதுச்சேரி
27 டிசம்பர் 1935

அருளானந்தம் அவர்களுக்கு,

நீங்கள் வந்தது எனக்குத் தெரியும். திருவிழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது, நீங்கள் வந்தால் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அன்று நான் குழந்தைகளோடு ஐந்து மணிக்குக் குப்பத்துக்குப் போனேன். ஸ்டெல்லாமேரி புதுப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா போய்விட்டார் என்று செல்வாம்பாள்தான் அவளிடம் சொன்னாள்.

காத்தவராயன் ஐந்தரை மணிக்குக் கரையேறினார். நீங்கள் வந்து காத்திருந்ததைச் செல்வாம்பாள் சொன்னதும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். “வந்தாரா? எங்க இருக்காரு, நிக்க வெச்சிட்டியே” என்று அவளைத்தான் கடிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று தண்ணீரில் நின்றபோதும் எனக்கு அழுகை வரவில்லை.

இன்னும் இரண்டரை மணி நேரம் நின்றிருந்தால் போதும். அதற்குமேல் உங்களிடம் நான் எதுவும் கேட்டிருக்கமாட்டேன்.

இனி இந்த வீட்டைப் பற்றி எனக்கு எதுவும் எழுத வேண்டாம். பிள்ளைகளுக்கு எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

அமலோற்பவம்